தங்கையின் புதன்கிழமைகள்

அந்தத் தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சர் என்றால் நாலாம் வகுப்பு டீச்சரைத்தான் சொல்வார்கள். மற்ற டீச்சர்களும் கணக்கு எடுத்தார்கள், ஆனால் அந்தப் பட்டம் பதினாலு வருஷமாக அவள் ஒருத்திக்கே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் நேர அட்டவணை போடுகிற வேலையும் அவளுடையதுதான். பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பெரிய அட்டையை மேஜைமேல் விரித்து, பென்சிலால் கட்டம் போட்டு, அழித்து அழித்து எழுதுவாள். எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் எந்த டீச்சர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

தங்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவளும் அவளேதான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

போன வருஷக் கடைசியில் தலைமையாசிரியை எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை அரைத்தது போதும். இனி புதன்கிழமை மதியம் ஒவ்வொரு வகுப்புக்கும் பாட்டு, தாளம், தோட்டம், மரவேலை என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வெளியே எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். கணக்கு டீச்சர்தான் முதலில் கை தூக்கினாள். "நல்ல விஷயம் மேடம். தாளத்துக்கு என் தங்கச்சி இருக்கா. மேடைக் கச்சேரியில எல்லாம் டிரம்ஸ் வாசிச்சவ. இப்போ வீட்ல சும்மாதான் உக்காந்து, சோத்துத் தட்டத் தட்டிக்கிட்டு இருக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கைக்கு வேலை கிடைத்தது.

முதல் மாதம் கணக்கு டீச்சருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தங்கை மேளத்தையெல்லாம் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து மேஜையைத் தட்டினாள், சன்னல் கம்பியைத் தட்டினாள், தன் கன்னத்தை உப்ப வைத்து அதையும் தட்டினாள். அவள் மூன்று தட்டு தட்டினால் பிள்ளைகள் இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அவர்களுக்குள் வணக்கம். எவ்வளவு கூச்சல் இருந்தாலும் அந்த மூன்று தட்டு கேட்டால் வகுப்பே இரண்டு தட்டுத் தட்டி அடங்கிவிடும். ஒரே வாரத்தில் அவளுக்குத் 'தட்டு டீச்சர்' என்று பேர் விழுந்துவிட்டது. அவள் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் தேன்கூடு கலைந்த மாதிரி எழுந்து ஓடி வருவார்கள். கணக்கு டீச்சர் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்று இழுப்பார்கள். அவ்வளவுதான்.

சின்ன வயதிலும் இதே கதைதான். வீட்டுக்கு யாராவது வந்தால் பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், சின்னவள் ஆடிக் காட்டுவாள். வந்தவர்கள் கை எந்தப் பக்கம் தட்டும் என்று சொல்லவா வேண்டும்?

பின்னம்தான் முதலில் அவள் வயிற்றில் நெருப்பை வைத்தது.

நாலாம் வகுப்புக்குப் பின்னம் என்றால் எப்போதும் இழுபறி. அரை பெரிதா, கால் பெரிதா என்றால் பாதி வகுப்பு, "கால்" என்று கத்தும். நாலு இரண்டைவிடப் பெரியதாயிற்றே! மூன்று வாரம் கணக்கு டீச்சர் வட்ட வட்டமாகக் காகிதம் வெட்டினாள். ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்துக் காட்டினாள். பழம் தீர்ந்ததே தவிரப் பாடம் ஏறவில்லை. நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, சலிப்போடு அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள். இருபத்தொன்பது கையும் தூக்கியிருந்தது.

"அரைதான் டீச்சர் பெருசு!"

"எப்படி?"

முதல் வரிசைப் பெண் எழுந்து காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். "இது ஒண்ணு டீச்சர். இந்த ஒரு மிதி நேரத்துல ரெண்டு தட்டு தட்டினா, ஒவ்வொண்ணும் அரை. நாலு தட்டணும்னா அவசர அவசரமா தட்டணும். அதான் கால். கால் குட்டியூண்டு!"

வகுப்பு முழுக்க மிதித்துத் தட்டிக் காட்டியது. ஒருத்தன்கூடப் பிசகவில்லை.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"தட்டு டீச்சர்!"

நாலு வாரம் இவள் முட்டி மோதிய சுவரை அவள் நாற்பது நிமிஷத்தில் கதவாக்கிவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டதே என்று மகிழ வேண்டிய இடம். "ரொம்ப நல்லது, உக்காருங்க" என்று சொன்னாள். சொல்லும்போது காதில் புகை வராத குறை.

போதாததற்கு அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர் வேறு எண்ணெய் ஊற்றினார். அவர் எலக்ட்ரீஷியன். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் கடையில் அன்று வேலை பார்த்திருக்கிறார். "உன் தங்கச்சிய தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடறாங்களே! பசங்கள கூட்டிட்டுப் போக வந்த அம்மாங்க எல்லாம் ஒரே பேச்சு. அந்த டீச்சர் வந்தப்புறம்தான் புள்ளைங்க ஸ்கூலுக்கு ஓடறாங்களாம்."

"அப்போ இத்தன வருஷமா யார் ஸ்கூலுக்கு வந்தாங்களாம்? நாற்காலியா?"

அவர் குனிந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த பருவத்து அட்டவணையை அவள் போட்டபோது கை தானாகவே அந்தக் கட்டத்துக்குப் போனது. நாலாம் வகுப்பின் தாள நேரத்தை அழித்து, கடைசி மணிக்குத் தள்ளினாள். கடைசி மணியில் பாதிப் பிள்ளைகள் வேன் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கூடத்தையும் அந்த நேரத்தில் வாராந்திரச் சோதனைக்கு என்று எழுதிவிட்டாள். தங்கை வந்து அட்டையைப் பார்த்தாள். ஏதாவது கேட்பாள், சண்டை போடலாம் என்று அக்கா தயாராக நின்றாள்.

"பரவாயில்லக்கா. உனக்குத்தான் எவ்ளோ தலைவலி இதுல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுவாரத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தாளம் கேட்டது. நாலாம் வகுப்பு மட்டுமில்லை, பாதிப் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. சமையல்கூடத்து அம்மா கரண்டியோடு வந்து நின்றிருந்தார். கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்தினாள். அன்றைக்குச் சிவப்பு மை கொஞ்சம் தாராளமாகவே ஓடியது.

அப்புறம்தான் அச்சகத்துக்குப் போன நாள் வந்தது.

இயந்திரங்களின் தாளத்தைப் பிள்ளைகள் காதால் கேட்டு எழுத வேண்டும் என்பது தங்கையின் யோசனை. செய்தித்தாளும் காலண்டரும் அச்சடிக்கிற ஒரு பெரிய அச்சகத்தில் பேசி, அனுமதி வாங்கியிருந்தாள். வகுப்பு டீச்சரும் கூடப் போக வேண்டும் என்பது விதி. உள்ளே கூட்டிப் போவதும் எண்ணிக் கொண்டுவருவதும் தங்கையின் பொறுப்பு. முதலுதவிப் பை, தண்ணீர் பாட்டில்கள், பேர்ப் பட்டியல் அக்காவின் பொறுப்பு.

உள்ளே மையும் எண்ணெயும் கலந்த வாடை. பிள்ளைகளைவிட உயரமான காகித உருளைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தங்கை அவர்களைச் சுவரில் காது வைக்கச் சொன்னாள். ஒரு இயந்திரம் 'டகட்டக் டகட்டக்' என்றது. இன்னொன்று பெருமூச்சு விட்டு விட்டு அடித்தது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நோட்டில் கோடு கோடாக இழுத்தார்கள். அச்சக மேற்பார்வையாளர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இருபது வருஷமா இத தலைவலின்னு நெனச்சிட்டிருந்தேன். இதுல பாட்டு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது. டீச்சர்னா இப்படி இருக்கணும்!" என்றார் தங்கையிடம். பிறகு, தோளில் இரண்டு பையும் கையில் ஆறு பாட்டிலுமாக நின்ற அக்காவிடம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க டீச்சருக்கு உதவிக்கு வந்தவங்களாம்மா?"

கணக்கு டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் வரிசையின் கடைசியில் ஏதோ அசைந்ததைப் பார்த்தாள்.

எறும்பு. அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் அதுதான் பேர். போகிற வழியில் கிடக்கிறதையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பாள்; கலர்க் காகிதம் என்றால் உயிர். பக்கத்து அறையின் வாசலில், வெட்டிப் போட்ட ஓரக் காகிதங்கள் சிவப்பும் மஞ்சளுமாகக் குவிந்திருந்தன. எறும்பு வரிசையிலிருந்து நழுவினாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளே போனாள்.

கணக்கு டீச்சர் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். 'எண்ணிக்கை அவளுடையதுதானே. டீச்சர்னா எப்படி இருக்கணும்னு அவளே காட்டட்டும்.' இரண்டு நிமிஷத்தில் தானே போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், அதற்குள் தங்கை கொஞ்சம் தடுமாறட்டும் என்று நினைத்தாள்.

இரண்டு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. மேற்பார்வையாளர் ஆளுக்கொரு சின்னக் காலண்டர் கொடுத்தார், பிள்ளைகள் நன்றி சொன்னார்கள், வரிசை வெளியே வந்து வண்டியருகே நின்றது. தங்கை தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டு. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கணக்கு டீச்சர் பார்த்தாள்.

அந்த ஒரு நொடியில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு யாரிடம் எதைச் சொன்னாலும் அந்த நொடியை மட்டும் அவளால் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

"எறும்பக் காணோம்க்கா," என்றாள் தங்கை.

"நீ இவங்களப் பாத்துக்க. நான் பாக்கறேன்." ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனாள். எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியுமே!

அறை காலியாக இருந்தது.

காகிதக் குவியலும் இல்லை, எறும்பும் இல்லை. துடைத்துவிட்ட தரை. அடுத்த அறையில் காகிதம் வெட்டும் கத்தி ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கணக்கு டீச்சர் கையிலிருந்த பாட்டில்கள் உருண்டன. "புள்ள! ஒரு புள்ள உள்ள இருக்கா!" என்று கத்தினாள். இயந்திரச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேற்பார்வையாளரின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் ஓடிப்போய்ப் பெரிய சிவப்புப் பித்தானை அழுத்தினார். ஒவ்வொன்றாக இயந்திரங்கள் நின்றன. கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆயிற்று.

பிள்ளைகளை வண்டிக்காரரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள் தங்கை. அவள் கத்தவில்லை. நடுக்கூடத்தில் நின்று ஒரு இரும்புக் கதவில் மூன்று தட்டு தட்டினாள்.

எதுவும் இல்லை. மறுபடி மூன்று.

கூடத்தின் மறுகோடியிலிருந்து, தகரத்தில் யாரோ விரலால் தட்டியதுபோல, இரண்டு.

எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். கழிவுக் காகிதத்தைப் பெரிய தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டு, அமுக்கிக் கட்டுகிற இயந்திரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். காகிதத்தை உள்ளே கொட்டவேண்டிய தொழிலாளி தேநீர் குடிக்கப் போயிருந்தார். வண்டிக்குள், சிவப்பும் மஞ்சளுமான காகிதத்தில் கழுத்துவரை புதைந்து எறும்பு உட்கார்ந்திருந்தாள்; கலர்க் காகிதம் பொறுக்க உள்ளே ஏறியவள்மேல் பார்க்காமலே மிச்சத்தையும் கொட்டியிருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்ததும்தான் உதடு பிதுங்கியது. தங்கை அவளைத் தூக்கி எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவளும் தங்கையின் கழுத்தை விடவேயில்லை.

கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்றாள். பிள்ளை பிழைத்தாள், அதுபோதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த நிம்மதிக்குள்ளேயும் ஒரு மூலையில் அந்தப் பழைய எரிச்சல் தலைநீட்டியது. கண்டுபிடித்ததும் அவளே. கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கிடைத்ததும் அவளே. தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் தலைமையாசிரியை இருவரையும் கூப்பிட்டார். தங்கை சுற்றி வளைக்கவில்லை. "என் தப்புதான் மேடம். அறைய விட்டு வெளிய வரும்போதே எண்ணியிருக்கணும்." தலைமையாசிரியை அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கூட்டிப் போவது அன்றோடு நிறுத்தப்பட்டது. தாள வகுப்பும் நிறுத்தம். தங்கையை வேலையில் வைத்துக்கொள்வதா என்று நிர்வாகம் கூடி முடிவு செய்யும் என்றார்.

அடுத்த புதன்கிழமை நாலாம் வகுப்புக்கு இரண்டு கணக்குப் பாடம். கேட்டது கிடைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் குனிந்து கூட்டல் போட்டார்கள். அந்த அமைதியில் எறும்பு நோட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். திருத்தி முடிக்கும்வரை நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், தட்டு டீச்சரத் திட்டிட்டாங்களா?"

"அது பெரியவங்க விஷயம். போய் உக்காரு."

"அவங்க என்னப் பாக்கவே இல்ல டீச்சர். நீங்கதான பாத்தீங்க?"

சிவப்புப் பேனா நின்றது.

"வாசல்ல நின்னு உங்களப் பாத்தேன். நீங்களும் என்னப் பாத்தீங்க. ஒண்ணும் சொல்லல. அதான், போலாம்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

குழந்தை குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பதினாலு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ பொய் சொல்லி இவள் கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு நிஜத்தைக் கேட்டதில்லை.

மணி அடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். "அந்தப் பொண்ணு போறத நான் பாத்தேன் மேடம். பாத்துட்டு சும்மா இருந்தேன்," என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். "என் தங்கச்சி தப்பு பண்ணட்டும்னு," என்றாள்.

தலைமையாசிரியை சுவரில் தொங்கிய அட்டவணையை ஒரு முறை பார்த்தார். பிறகு, அட்டவணை வேலை இனி அவளுக்கில்லை என்றார். எழுத்தில் ஒரு கண்டிப்பு அவள் கோப்பில் போகும். எறும்பின் பெற்றோரிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும். அன்று மாலையே போய்ச் சொன்னாள். அந்த அம்மா கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் தங்கையின் வீட்டுக்குப் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டபின், மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

"என் வேலைய கெடுத்திருந்தா போவுதுன்னு விட்டுருப்பேன். அந்த மிஷின் ஓடியிருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

"தெரியலடி."

"எதுக்கு?"

"பொறாமை. வேற என்னன்னு சொல்ல? நாலு வாரம் நான் கத்தினத நீ ஒரே நாள்ல சொல்லிக் குடுத்துட்ட."

"உன்னப் பாத்து எனக்கு இல்லாத பொறாமையா?" என்று தங்கை வெடித்தாள். "நிலையா ஒரு வேலை, உனக்குன்னு ஒரு வகுப்பு. நீ பேர்ப் பட்டியல் பாக்காமலே இருபத்தொன்பது பேரும் சொல்லுவ. எனக்கு இன்னும் பாதிப் பேர் தெரியாது. அதனாலதான் எண்ணறதுல கோட்டை விட்டேன். அதுக்காக நான் உன்னத் தள்ளிவிடலியே! இப்போ போக்கா. போயிடு."

நிர்வாகம் தங்கையை வைத்துக்கொண்டது. தாள வகுப்பு கூடத்திலேயே பழைய நேரத்துக்குத் திரும்பியது. புதிய அட்டவணையை வேறொரு டீச்சர் கோணல் மாணலாகக் கட்டம் கட்டி ஒட்டியிருந்தார். வெளியே போகும்போது இனி மூன்று பேர் எண்ண வேண்டும் என்று விதி வந்தது. அக்காவும் தங்கையும் தாழ்வாரத்தில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஐந்து வாரம் அப்படியே ஓடியது.

ஆறாவது வாரம் தங்கை நாலாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமலே பேசினாள்.

"பசங்க எட்டுல மூணு எப்படித் தட்டறதுன்னு கேக்கறாங்க. தட்டத் தெரியுது, ஏன்னு சொல்லத் தெரியல. நாளைக்கு வந்து சொல்லிட்டுப் போ."

மறுநாள் கணக்கு டீச்சர் கூடத்துக்குப் போனாள். நாற்காலி இல்லை. புடவையைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் விரித்த பாயில் உட்கார்ந்தாள். எட்டுக் கட்டம் போட்டு, மூன்றில் மட்டும் புள்ளி வைத்துக் காட்டினாள். பிள்ளைகள் "ஓ" என்றார்கள். அப்புறம் அதையே தட்டச் சொன்னார்கள். தட்டினாள். இரண்டாவது சுற்றிலேயே தாளம் தப்பியது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எறும்பு நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, "இப்போ டீச்சர், இப்போ," என்று தன் கையாலேயே அவள் கையை அடித்துக் காட்டினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து தங்கையை மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி இடுப்பைக் கட்டினாள், ஒருத்தன் முதுகில் தொங்கினான். எறும்பும் அங்கேதான் ஓடினாள். கணக்கு டீச்சர் முழங்காலை ஊன்றித் தனியாக எழுந்தாள். வயிறு பழையபடியே எரிந்தது. அதில் ஒரு குறைவும் இல்லை.

பிள்ளைகள் போனதும் தங்கை பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். அக்கா மறுமுனையைப் பிடித்தாள்.

"இன்னும் எரியுதுடி," என்றாள்.

"தெரியுது. மூஞ்சியிலயே இருக்கு." தங்கை பாயை இறுக்கிச் சுருட்டினாள். "எரிஞ்சா எரியட்டும். அடுத்த புதன்கிழமையும் வா."